இணைந்த கணிதம்: வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முறிகண்டிக்கும் கிளிநொச்சி நகருக்கும் இடையில், ஏ-9 வீதியை ஒட்டிய அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் 2014 இல் தொடங்கியது. அக்கராயனிலும் தருமபுரத்திலும் ஒட்டுசுட்டானிலும் இருக்கிற பிள்ளைக்கு வீட்டிலிருந்து மிகக் கிட்டிய பொறியியற்பீடம் அதுதான். மொறட்டுவை, பேராதனை, ருகுணு, ஒலுவில், ஜயவர்தனபுர என்று மற்றவை எல்லாம் தூரம். கிட்டவோ தூரவோ, எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்று. பொறியியலுக்கென்று இலங்கையில் தனியாக ஒரு நுழைவுப் பரீட்சை இல்லை, க.பொ.த. உயர்தரம்தான் நுழைவுப் பரீட்சையும். அதிலே பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் என்ற மூன்றில் மாணவர்களை அதிகம் வடிகட்டுவது கணிதம்.

கணிதத்தில் விருப்பமும் கெட்டித்தனமும் உள்ள தரம் 10, 11 பிள்ளைகளுக்கும், இப்போதுதான் உயர்தரத்துக்கு வந்தவர்களுக்கும், அவர்களைப் படிப்பிக்க அல்லும் பகலும் உழைக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். இதில் நான் அடிப்படையாக வைப்பது ஒரே கருத்து. இணைந்த கணிதத்தில் புள்ளி கிடைப்பது விடைக்கு அல்ல, விடைக்குப் போகும் வழியை எழுதுவதற்கு. மனதுக்குள்ளே கணக்குச் செய்து விடையைச் சொல்லிப் பாராட்டு வாங்கிய பிள்ளைகள் உயர்தரத்தில் சறுக்குவதற்கு இதுதான் முதற் காரணம். எழுதிப் பழகிய சாதாரணப் பிள்ளை அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது.

முதலாம் படி: வினாத்தாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாடம் தொடங்குகிற வாரத்திலேயே ஒரு பழைய வினாத்தாளைக் கையில் எடுங்கள். செய்வதற்கு அல்ல, பார்ப்பதற்கு.

வினாத்தாள்கள் இரண்டு. முதலாவது தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். ஒவ்வொன்றுக்கும் 3 மணித்தியாலம், அதற்கு மேல் வாசிப்பதற்கென்று 10 நிமிடம். ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள். பகுதி அ-வில் 10 சிறு வினாக்கள், பத்தும் கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பகுதி ஆ-வில் 7 பெரு வினாக்கள், அவற்றில் 5 செய்யவேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. ஆக, ஒரு வினாத்தாளுக்கு 1000. இரண்டினதும் 2000 புள்ளி ஈற்றில் 100 ஆகச் சுருங்குகிறது. உங்கள் பெறுபேற்றில் ஒரு புள்ளி கூடுவதென்றால் தாளிலே 20 புள்ளி கூடவேண்டும். கல்குலேற்றர் கொண்டுபோக முடியாது.

பெரு வினாக்கள் அநேகமாக ஒரே ஒழுங்கில் வந்துகொண்டிருக்கின்றன. தூய கணிதத்தில் 11 ஆம் வினா இருபடிச் சமன்பாடும் பல்லுறுப்பியும், 12 வரிசைமாற்றம், சேர்மானம், தொடர்கள், 13 தாயமும் சிக்கலெண்ணும், 14 வகையீடும் வரைபும், 15 தொகையீடு, 16 நேர்கோடும் வட்டமும், 17 திரிகோணகணிதம். பிரயோக கணிதத்தில் வேக-நேர வரைபும் சார்பு வேகமும் முதலில் வரும். பிறகு ஆப்பின் மேல் துணிக்கை, வட்ட இயக்கம், எளிமை இசை இயக்கம், காவிகளும் ஒருதள விசைகளும், மூட்டிய கோல்களும் சட்டப்படலும், புவியீர்ப்பு மையம். கடைசியில் நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் படிக்கிற மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். எந்த அலகைப் படித்தாலும் அது எந்த வினாவுக்குள் போய் விழுகிறது என்று தெரிந்தே படிப்பீர்கள்.

இரண்டாம் படி: இசட் புள்ளியும் மாவட்டமும்

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவது நீங்கள் எடுத்த புள்ளியால் அல்ல, இசட் புள்ளியால். உங்கள் புள்ளியிலிருந்து எல்லாப் பரீட்சார்த்திகளின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் ஒரு பாடத்தின் இசட் புள்ளி வரும். மூன்று பாடங்களினதும் சராசரிதான் உங்களுடைய இறுதி இசட் புள்ளி.

ஓர் உதாரணத்தை வைத்துப் பாருங்கள். ஒரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 20. அதில் 70 எடுத்தவருக்கு இசட் புள்ளி 1.5. இன்னொரு பாடத்தில் சராசரி 55, நியம விலகல் 15. அதிலும் அதே 70 எடுத்தால் 1 மட்டும்தான். எல்லோரும் தடுமாறுகிற பாடத்தில் நன்றாகச் செய்தவருக்கு அதிக பலன். கணிதத்தில் பலமுள்ள பிள்ளை அந்தப் பலத்தை முழுதாகப் புள்ளியாக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது மாவட்டம். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதத்தில். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. பரீட்சைக்கு முந்திய 3 வருடங்கள் நீங்கள் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டே உங்கள் மாவட்டம் தீர்மானிக்கப்படும். ஆகவே சாதாரண தரம் முடிந்தவுடன் அவசரப்பட்டு வேறு மாவட்டத்துக்குப் பாடசாலை மாறுவதற்கு முன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை வாசித்துவிடுங்கள். தமிழிலும் வெளிவருகிறது. மாறிய பிறகு வாசித்துப் பயனில்லை.

ஒதுக்கீட்டை நம்பி இலக்கைக் குறைக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போரும் இடப்பெயர்வும் தின்ற வருடங்களுக்கு அது ஒரு சிறு ஈடு, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் பீடத்துக்குள் போனபின் கொழும்புப் பிள்ளைக்கும் புதுக்குடியிருப்புப் பிள்ளைக்கும் ஒரே பரீட்சைதான். வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று கேட்டு அந்த அளவுக்கு மட்டும் படித்து உள்ளே போகிறவர், முதல் அரையாண்டிலேயே கஷ்டப்படுவார்.

மூன்றாம் படி: தரம் 10, 11 இல் அத்திவாரம்

உயர்தரக் கணிதத்தில் விழுகிற பிள்ளைகளின் கொப்பியைப் பார்த்தால், பிழை பெரும்பாலும் உயர்தரப் பகுதியில் இருக்காது. தொகையீட்டின் முறை சரியாக இருக்கும். இடையில் ஒரு பின்னத்தைச் சுருக்கும்போது குறி மாறியிருக்கும். பிழை தரம் 9 இலிருந்து வந்தது.

உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். அட்சரகணிதப் பின்னங்கள் இரண்டைக் கூட்டிச் சுருக்கத் தடங்காமல் வருகிறதா? இருபடிக் கோவையை வர்க்கப்பூர்த்தி செய்ய முடிகிறதா? ஒரு சூத்திரத்தின் எழுவாயை மாற்ற முடிகிறதா? சுட்டி, மடக்கை விதிகள் பார்க்காமல் வருகின்றனவா? ஒரு சமனிலியை மறை எண்ணால் பெருக்கும்போது குறி திரும்பும் என்பது கையில் பழகிவிட்டதா? இவற்றில் எது தடங்குகிறதோ அதிலே தினமும் சில கணக்குச் செய்யுங்கள். இதற்கு ரியூசன் தேவையில்லை. அரசாங்கம் இலவசமாகத் தந்த பாடநூலின் பயிற்சிகளை ஒன்றும் விடாமல் செய்தாலே போதும்.

கேத்திரகணிதத் தேற்றங்களைத் தனியாகச் சொல்லவேண்டும். சாதாரண தரத்தில் பல பிள்ளைகள் நிறுவல்களை விட்டுவிட்டு மற்ற வினாக்களில் புள்ளி எடுத்துத் தப்பிவிடுகிறார்கள். சாதாரண தரத்தில் அது செல்லும். ஆனால் ‘தரவு, நிறுவவேண்டியது, நிறுவல்’ என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதும் பழக்கம் பாடசாலை வாழ்க்கையில் அந்த ஓர் இடத்தில்தான் கற்பிக்கப்படுகிறது. உயர்தரம் முழுவதும் வேண்டியது அந்தப் பழக்கம். தேற்றத்தை விட்டவர், பிறகு எழுதத் தெரியாமல் நிற்பார்.

நான்காம் படி: பாடசாலையைத் தெரிவுசெய்தல்

கணிதப் பிரிவு எல்லாப் பாடசாலையிலும் இல்லை. 1ஏபி தரப் பாடசாலைகளில்தான் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இருக்கும். 1சி பாடசாலைகளில் கலையும் வர்த்தகமும் மட்டும். வன்னியில் ஒரு பிள்ளை கணிதத்தை விட்டுக் கலைப் பிரிவுக்குப் போவதற்கு விருப்பம் காரணமாக இருப்பதில்லை. பஸ் காரணமாக இருக்கிறது. பாடசாலை தூரம், பின்னேர வகுப்பு முடிந்து வர வாகனம் இல்லை, பெண் பிள்ளை என்றால் வீட்டில் பயம். இது பிள்ளையின் குறை அல்ல. இதற்காக ஒரு கணிதக்காரியை இழப்பது இந்த மண்ணுக்கு நட்டம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சாதாரண தரப் பெறுபேறு வருமுன்னமே, கிளிநொச்சி மத்திய கல்லூரி, முள்ளியவளை வித்தியானந்தா கல்லூரி, புதுக்குடியிருப்பு மத்திய கல்லூரி, வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம், பண்டாரிகுளம் விபுலானந்தா கல்லூரி போன்றவற்றில் உங்களுக்குக் கிட்டியது எது என்று பார்த்து நேரில் போய்க் கேளுங்கள். இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, தூயத்துக்கும் பிரயோகத்துக்கும் தனித்தனியாகவா, தூரத்துப் பிள்ளை தங்கிப் படிக்க வசதி உண்டா என்று கேளுங்கள். பாடசாலையின் பெயரைவிட, கொப்பி திருத்துகிற ஆசிரியர் ஒருவர் அங்கே இருப்பது முக்கியம்.

சாதாரண தரம் எழுதி முடித்து உயர்தரம் தொடங்கும் வரையுள்ள மாதங்கள் பெறுமதியானவை. அந்தக் காலத்தில் உயர்தரப் பாடத்தை முன்கூட்டி ஓட்டி முடிக்க முயலவேண்டாம். அட்சரகணிதமும் திரிகோணகணிதத்தின் ஆரம்பமும் போதும்.

ஐந்தாம் படி: எழுதப் பழகுதல்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் பகுதி. இதை மட்டும் வாசித்தாலும் பரவாயில்லை.

பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் புள்ளியிடும் திட்டத்தை வெளியிடுகிறது. அதில் ஒரு வினாவின் விடையைத் திறந்து பாருங்கள். வரிகளுக்குப் பக்கத்தில் சின்ன வட்டங்களுக்குள் 5, 5, 10 என்று இருக்கும். 25 புள்ளி வினா என்பது உண்மையில் ஐந்து ஐந்தாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகள். படி எழுதினால் அந்த ஐந்து உங்களுடையது. விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குரியது கிடைக்கும். விடை சரியாக இருந்து படி இல்லாவிட்டால் அந்த ஐந்துகள் போய்விடும்.

கணிதத் தொகுத்தறிவை எடுங்கள். முதல் இத்தனை ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை அந்த எண்ணிக்கையின் வர்க்கத்துக்குச் சமன் என்று நிறுவவேண்டும் என்று வைப்போம். 1 இன் வர்க்கம் 1. 1 உம் 3 உம் சேர்ந்தால் 4. அதோடு 5 சேர்ந்தால் 9. பார்த்தவுடன் உண்மை தெரிகிறது. ஆனால் எழுதவேண்டியது நான்கு பாகம். எண்ணிக்கை 1 ஆகும்போது இரு பக்கமும் சமன் என்று காட்டவேண்டும். ஏதோ ஒரு நேர் முழுவெண்ணுக்குக் கூற்று உண்மை என எடுத்துக்கொள்ளவேண்டும். அதைப் பயன்படுத்தி அடுத்த எண்ணுக்கும் உண்மை எனக் காட்டவேண்டும். கடைசியில், ‘ஆகவே கணிதத் தொகுத்தறிவுக் கோட்பாட்டின்படி எல்லா நேர் முழுவெண்களுக்கும் கூற்று உண்மை’ என்று ஒரு முழு வசனம் எழுதவேண்டும். அந்தக் கடைசி வசனத்துக்கும் புள்ளி உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் விடுவதும் அதைத்தான்.

இன்னுமொன்று. 6 ஆண்களும் 5 பெண்களும் உள்ள வகுப்பிலிருந்து 4 பேர் கொண்ட குழு ஒன்று. குறைந்தது 2 பெண்கள் இருக்கவேண்டும். எத்தனை விதம்?

அவசரக்காரர் இப்படி யோசிப்பார்: 5 பெண்களில் இருவரை எடுக்க 10 விதம், மிஞ்சிய 9 பேரில் எவராவது இருவரை எடுக்க 36 விதம், பெருக்கினால் 360. விடை வந்துவிட்டது என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். ஆனால் 11 பேரில் 4 பேரைக் கட்டுப்பாடு எதுவுமில்லாமல் தெரிவுசெய்தாலே 330 விதம்தான். கட்டுப்பாடு போட்டபின் எண்ணிக்கை கூடுமா? மூன்று பெண்கள் உள்ள குழுவை அவர் மூன்று தடவை எண்ணிவிட்டார், நால்வரும் பெண்களாக உள்ள குழுவை ஆறு தடவை.

சரியான வழி, வகைகளைப் பிரித்து எழுதுவது. 2 பெண், 2 ஆண்: 10 தர 15, அதாவது 150. 3 பெண், 1 ஆண்: 10 தர 6, அதாவது 60. 4 பெண்: 5. மொத்தம் 215. இனி மறுபக்கத்தால் சரிபாருங்கள். பெண்களே இல்லாத குழு 15, ஒரு பெண் மட்டும் உள்ள குழு 5 தர 20, அதாவது 100. 330 இலிருந்து 115 போனால் 215. இரு வழியும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன.

இந்தச் சிறு கணக்கில் மூன்று பழக்கங்கள் இருக்கின்றன. வகைகளை எழுத்தில் பிரிப்பது, விடை வந்தபின் அது நடக்கக்கூடியதா என்று பார்ப்பது, முடிந்தால் வேறு வழியால் சரிபார்ப்பது. இவை தனியாகப் படிக்கிற பாடங்கள் அல்ல. ஒவ்வொரு கணக்கோடும் சேர்ந்து வளரவேண்டியவை.

இதற்கு நடைமுறை என்ன? ஒரு கொப்பியை ‘விடைக் கொப்பி’ என்று ஒதுக்குங்கள். தட்டுத்தாளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலுங்கள். கணக்கு வந்தபின், பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அந்தக் கொப்பியில் எழுதுங்கள். நாளுக்கு இரண்டு கணக்கு இப்படி எழுதினாலும் போதும். வாரத்துக்கொரு தடவை நண்பரிடம் கொடுத்து, புள்ளியிடும் திட்டத்தை வைத்து ஐந்து ஐந்தாகத் திருத்தச் சொல்லுங்கள். நீங்கள் அவருடையதைத் திருத்துங்கள். திருத்தப் பழகிய பிள்ளைக்கு எங்கே புள்ளி இருக்கிறது என்பது கண்ணில் தெரியும்.

ஆறாம் படி: தூய கணிதத்தை எந்த ஒழுங்கில் படிப்பது

சார்புகளும் இருபடியும் முதலில். அதோடு சேர்த்துத் திரிகோணகணிதம். திரிகோணகணிதத்தைக் கடைசிக்கு வைக்கவேண்டாம். வகையீடு, தொகையீடு, சிக்கலெண், பிரயோக கணிதம் என்று எங்கும் அது வந்து நிற்கும். பிறகு எல்லை, வகையீடு, வரைபு, அதன்பின் தொகையீடு. நேர்கோட்டையும் வட்டத்தையும் நடுவில் எங்கும் புகுத்தலாம். தாயம் சிறிய அலகு, விரைவில் முடியும், புள்ளி எடுப்பதும் சுலபம். அதைக் கவனமில்லாமல் விடுபவர்கள் கையில் வந்ததைத் தவறவிடுகிறார்கள்.

தொகையீட்டில் மட்டும் ஓர் எச்சரிக்கை. பிரதியீடு, பகுதிகளாகத் தொகையிடல், பகுதிப் பின்னம் என்று முறைகள் சிலதான். எந்தக் கணக்குக்கு எந்த முறை என்பது கணக்குச் செய்த எண்ணிக்கையால் மட்டும் வரும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

ஏழாம் படி: பிரயோக கணிதத்தில் படம்

தூயத்தில் கெட்டிக்காரர் பிரயோகத்தில் தடுமாறுவது வழமை. காரணம், அவர்கள் படம் கீறாமல் சமன்பாட்டுக்குப் போகிறார்கள். விசைகளைக் குறித்த தெளிவான படத்துக்கே புள்ளி ஒதுக்கப்படுகிறது. பென்சிலும் அடிமட்டமும் வைத்துப் பெரிதாகக் கீறுங்கள். ஒவ்வொரு துணிக்கைக்கும் விசைகள் ஒரு படத்தில். ஆர்முடுகல்கள் வேறொரு படத்தில். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், ஆப்பு நகர அதன் மேல் துணிக்கை நகரும் கணக்கில் நிச்சயம் பிழைக்கும்.

வேக-நேர வரைபின் அழகைப் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து புறப்படும் பஸ் ஒன்று ஓய்விலிருந்து, செக்கனுக்கு 1 மீற்றர்/செக்கன் வீதம் 20 செக்கனுக்கு வேகம் கூடுகிறது. பிறகு அதே வேகத்தில் 60 செக்கன். பிறகு 10 செக்கனில் சீராகக் குறைந்து நிற்கிறது. எவ்வளவு தூரம்? சூத்திரங்களை மூன்று தடவை போடலாம். ஆனால் வரைபைக் கீறினால் ஒரு சரிவகம்: அடி 90, மேல் 60, உயரம் 20. பரப்பு 1500. தூரம் 1500 மீற்றர். ஒரே வரி. இரண்டு வாகனங்கள் எங்கே சந்திக்கும், எவ்வளவு பிந்தும் என்று சிக்கலாகக் கேட்டாலும் வரைபின் பரப்பும் சாய்வும்தான் விடை.

காவியிலும் சார்பு வேகத்திலும் முக்கோணம் கீறுங்கள். நிலையியலில் உராய்வு எந்தப் பக்கம் என்று யோசித்துவிட்டுக் கீறுங்கள். மூட்டிய கோல்களில் எந்தக் கோலின் எந்தப் புள்ளியைப் பற்றித் திருப்பம் எடுக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். எழுதாவிட்டால் திருத்துபவருக்குத் தெரியாது. கடைசி வினாவான நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் பல பாடசாலைகளில் நேரம் போதாமல் விடுபட்டுப்போகிற அலகு. ஆசிரியர் விட்டாலும் நீங்கள் விடவேண்டாம். வன்னியில் தானாகப் படித்து முடிக்கக்கூடிய அலகு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

எட்டாம் படி: நூல்களும் வினாத்தாள்களும்

தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் தமிழில் பெற்றுக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தில் இல்லாததைப் படித்து நேரத்தை வீணாக்காமல் அது காக்கும். ஆங்கிலத்தில் போஸ்ரொக், சான்ட்லர் இருவரும் எழுதிய தூய கணித, பிரயோக கணித நூல்கள் இலங்கையில் நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ளன. திரிகோணகணிதத்துக்கும் நிலையியலுக்கும் லோனியின் பழைய நூல்கள் நூலகங்களில் கிடைக்கும். ஆங்கில நூல் என்று பயப்படவேண்டாம். கணக்கு நூலில் ஆங்கிலம் குறைவு, எண்கள்தான் அதிகம். பொறியியற்பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில்தான் என்பதால், ஒவ்வொரு அலகு முடிய அதன் ஆங்கிலக் கலைச்சொற்களையும் ஒரு பக்கத்தில் எழுதிவைப்பது பிறகு பெரிய உதவி.

வடக்குப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கொடை, தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள். அரச பரீட்சையைவிடச் சில சமயம் கடினமாகவே இருக்கும். அதிலே குறைந்த புள்ளி வந்தால் மனம் தளரவேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சையும் அப்படியானதே. உங்கள் பாடசாலை அதில் பங்குபற்றாவிட்டால், பங்குபற்ற ஒழுங்கு செய்யும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

பாஸ்பேப்பரை எப்போது தொடங்குவது? அலகு முடிந்தவுடன் அந்த அலகுக்குரிய வினாவை மட்டும். முழு வினாத்தாளைக் கடைசி ஆறு மாதத்துக்கு வையுங்கள். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘விளங்குது, விளங்குது’ என்று வாசித்துப் போவது படிப்பல்ல. ஒரு வினாவோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிய பிறகுதான் விடையைத் திறக்கவேண்டும். திறந்ததும் தடங்கிய வரியை மட்டும் பார்த்து மூடிவிட்டு, மிச்சத்தைத் தானாகச் செய்யவேண்டும்.

ஒன்பதாம் படி: ரியூசன், தொலைபேசி, கூட்டுப்படிப்பு

ரியூசன் இல்லாமல் முடியாது என்ற எண்ணம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. நல்ல ஆசிரியர் ஒருவரிடம் ஒரு வகுப்புப் போவது உதவும். ஒரே பாடத்துக்கு இரண்டு, மூன்று வகுப்பு என்று பரந்தனுக்கும் வவுனியாவுக்கும் அலைவது, தானாகக் கணக்குச் செய்கிற நேரத்தை பஸ்ஸில் கரைப்பது. காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் இதனால் தாங்கள் தோற்றுவிட்டதாக நினைக்கவேண்டாம். காணொளிப் பாடங்கள் தமிழில் இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் பார்த்துவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

ஊரில் மூன்று பேர் கணிதப் பிரிவு என்றால் மூவரும் சேர்ந்து படியுங்கள். ஒருவர் மற்றவர்களுக்குப் பலகையில் விளங்கப்படுத்துகிறபோது, தனக்கு எங்கே விளங்கவில்லை என்று அவருக்கே தெரியவரும். பெண் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்புக் குறைவாகக் கிடைக்கிறது. பாடசாலையில் பின்னேரம் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டால் அது தீரும். அதிபர்மார் மனம் வைக்கவேண்டும்.

பாடத்திட்டம் சின்னதாகத் தெரிகிற மிகத் திறமையான பிள்ளை யாராவது இருந்தால், கணித ஒலிம்பியாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். சர்வதேசக் கணித ஒலிம்பியாட் 1959 இல் ருமேனியாவில் தொடங்கியது. இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணித்தியாலம், மூன்று வினா. ஒவ்வொன்றுக்கும் 7 ஆக மொத்தம் 42 புள்ளி. இலங்கையில் இதற்கான போட்டிகளை இலங்கை ஒலிம்பியாட் கணித மன்றம் நடத்துகிறது. எண்கோட்பாடும் சேர்மானவியலும் கேத்திரகணிதமும்தான் அதில் அதிகம். தரம் 8, 9 இலேயே தொடங்குவது நல்லது; உயர்தரத்தின் கடைசி வருடத்தில் வேண்டாம்.

பத்தாம் படி: கடைசி மாதங்களும் மாரியும்

கடைசி ஆறு மாதத்தில் வாரம் ஒரு முழு வினாத்தாள், கடிகாரம் வைத்து, ஒரே இருப்பில். முடிந்த அன்றே திருத்துங்கள். பிழைகளை ஒரு பட்டியலாக எழுதுங்கள்: குறிப் பிழை, வாசிப்புப் பிழை, முறை தெரியாதது, நேரம் போதாதது. முறை தெரியாததற்கு மட்டும் திரும்பப் பாடம் படியுங்கள். மற்றவற்றுக்கு வேண்டியது பயிற்சி.

2024 இலும் 2025 இலும் உயர்தரப் பரீட்சை நவம்பரில் நடந்தது. நவம்பர் என்றால் வன்னியில் மாரி. 2024 இல் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளத்தால் சில நாள் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 இல் டித்வா புயல் வந்து மிச்சப் பாடங்கள் அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போயின. எனவே இதையும் திட்டத்தில் சேருங்கள். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் தண்ணீர் போகாத உறையில் இருக்கட்டும். வீதி மூடினால் நிலையத்துக்குக் கிட்ட எந்த உறவினர் வீட்டில் தங்கலாம் என்று முன்னமே பேசிவையுங்கள். கொப்பிகளை உயரமான தட்டில் வையுங்கள். பரீட்சை தள்ளிப்போனால் புதிதாக எதையும் தொடங்காமல், செய்த வினாத்தாள்களைத் திரும்பச் செய்யுங்கள்.

மண்டபத்துக்குள்

வாசிப்பு நேரம் 10 நிமிடத்தில் பெரு வினாக்கள் ஏழையும் வாசித்து, விடப்போகிற இரண்டைத் தீர்மானியுங்கள். பகுதி அ-வுக்கு 55 நிமிடம். பகுதி ஆ-வில் வினாவுக்கு 24 நிமிடம், ஐந்துக்கு 2 மணித்தியாலம். மீதி 5 நிமிடம் இலக்கங்கள் சரியா, தாள்கள் ஒழுங்கா என்று பார்க்க. 24 நிமிடம் முடிந்தால் எழுதுவதை நிறுத்தி இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு வினாவின் கடைசி ஐந்துக்காக மல்லுக்கட்டுவதைவிட, அடுத்த வினாவின் முதல் ஐம்பது சுலபம். பகுதி அ-வின் விடையை வினாத்தாளிலேயே தரப்பட்ட இடத்தில் எழுதவேண்டும். கட்டும்போது பகுதி அ மேலே, பகுதி ஆ கீழே. ஒரு பகுதி வராவிட்டாலும், தரப்பட்ட பேறைப் பயன்படுத்தி அடுத்த பகுதியைச் செய்யலாம். வெறும் தாளைக் கொடுக்கவேண்டாம்.

முதல் தடவை வராவிட்டால் மூன்று தடவை வரை தோற்றலாம். இரண்டாம் தடவை எழுதுகிறவர் பழைய விடைக் கொப்பியை எடுத்து, எங்கே படி விடுபட்டது என்று தேடுவதிலிருந்து தொடங்கவேண்டும். பொறியியல் கிடைக்காவிட்டாலும் பௌதிக விஞ்ஞானம், கணினி, தொழினுட்பம் என்று வழிகள் உண்டு. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பம்பைமடுவில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது.

கடைசியாக, உயர்தரம் எழுதி முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், அறிவியல்நகரிலும் பம்பைமடுவிலும் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கையில் ஒரு புள்ளியிடும் திட்டமும் வாரத்தில் ஒரு பின்னேரமும் இருந்தால், கணித ஆசிரியர் இல்லாத ஒரு பாடசாலையின் அதிபரைப் போய்ப் பாருங்கள். அங்குள்ள பிள்ளைகளின் கொப்பியைத் திருத்திக் கொடுங்கள்.